ஹெல்மெட் போட்ட தாய்மாமன்

கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு குழந்தை பிறப்பது எங்கள் லேபர் ரூமில் ஒரு விஷயமே இல்லை. தலை வந்ததும் விரலை விட்டு, மாலையைக் கழற்றுவது போலத் தலைக்கு மேலே எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. குழந்தை தன் பாட்டுக்கு அழும், நாங்கள் எங்கள் பாட்டுக்கு அடுத்த வேலையைப் பார்ப்போம். ஆனால் எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு அது தாய்மாமனின் உயிர்ப் பிரச்சினை. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையை மாமன் நேருக்கு நேர் பார்த்துவிடக் கூடாது. நல்ல நாள் பார்த்து, தாம்பாளத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் குழந்தையின் முகத்தை முதலில் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் நிஜ முகம். தவறிப் பார்த்துவிட்டால் மாமனுக்கு ஆகாது. பெற்றவளுக்கு எது ஆகும், பிள்ளைக்கு எது ஆகும் என்று கேட்க இதில் ஒரு ஜீவனும் கிடையாது.

நான் சோபியா. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். எனக்குச் சீக்கிரம் கோபம் வந்துவிடுகிறது என்று எங்கள் டாக்டர் பிரபா மேடம் சொல்வார். சீக்கிரம் எல்லாம் வருவதில்லை. எப்போதும் இருக்கிறது, அவர்தான் லேட்டாகக் கவனிக்கிறார்.

காவாந்தண்டலத்து இளமதிக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பையனை எங்கேயோ ஒரு தனியார் நர்சிங் ஹோமில் பெற்றாள். பிறந்த கையோடு அவனைத் தொட்டில்கள் இருக்கிற தனி அறைக்குத் தூக்கிப் போய் பாட்டிலில் பால் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். இவள் கைக்கு வந்தபோது பையன் இவள் மார்பைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும், பந்தியில் பாயசம் பரிமாறுகிற மாதிரி, "பாவம், இவளுக்குப் பாலே கெடையாது" என்று ஒரு கரண்டி அவள் இலையிலும் விழும். அவளும் குனிந்தபடி வாங்கிக்கொள்வாள். இயல்பிலேயே வாய் பேசாத பெண். மாதாமாதம் செக்கப்புக்கு வந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்.

"சிஸ்டர், இந்தக் கொயந்தைய எங்கிட்டயே வுட்டுடுங்க. யாரும் தூக்கினு போவக் கூடாது."

"என்னத் தாண்டி எவ தூக்குவா? நீ போ" என்றேன். அவளும் நம்பிப் போனாள்.

பிரசவத்துக்குத் துணையாக வந்தவள் அவள் அண்ணி தமிழ்ச்செல்வி. இளமதிக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்ததெல்லாம் அண்ணன் வினோத்குமாரும் அவன் கட்டிக்கொண்டு வந்த இந்த அண்ணியும்தான். புருஷன் தினகரன் லாரி ஓட்டுகிறவன். அப்போது லோடு ஏற்றிக்கொண்டு குஜராத் பக்கம் போயிருந்தான். வலி எடுத்ததிலிருந்து தமிழ்ச்செல்வி நாத்தனாரின் இடுப்பைப் பிடித்துவிட்டாள், தண்ணீர் கொடுத்தாள், வேர்வையைத் துடைத்தாள், என்னைவிட நன்றாகத் திட்டினாள். இப்படி ஒரு துணை கிடைத்தால் எங்கள் வேலை பாதி குறையும் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலை வெளியே வந்தது. கழுத்தில் இரண்டு சுற்று கொடி.

எடுத்துவிட்டேன். குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. துடைத்து இளமதியின் மார்பில் போட்டு, "பொண்ணும்மா" என்றேன். இளமதி அழுதாள். அண்ணியைக் காணோம். கதவுக்கு வெளியே போன் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, எங்க கீறீங்க? கம்பத்து மேலயா? மொதல்ல கீய எறங்குங்க. எறங்கிட்டீங்களா? ஆங், பொண்ணு பொறந்துகீது. நீங்க இந்தப் பக்கமே வராதீங்க."

வினோத்குமார் மின்வாரியத்தில் லைன்மேன். போன வருஷம் ஷாக் அடித்துத் தூக்கி எறியப்பட்டு, வலது கையில் தோல் உரிந்த தழும்போடு பிழைத்து வந்தவன். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் தமிழ்ச்செல்வி சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்த கதை இந்தச் சுற்று வட்டாரத்துக்கே தெரியும். அதனால் அவள் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயம் என் வார்டுக்குள் வந்து என் கட்டிலில் கை வைத்தால் சும்மா இருக்க மாட்டேன், அது வேறு.

அண்ணி வெளியே இருந்த நேரத்தில் இளமதி தலையணைக்கு அடியிலிருந்து செல்லை எடுத்து, மார்பில் கிடந்த குழந்தையை ஒரு போட்டோ எடுத்தாள். "பெத்து அஞ்சு நிமிசம் ஆவல, செல்லு கேக்குதா?" என்று கடிந்துகொண்டேன். குஜராத்தில் இருக்கிறவனுக்கு அனுப்புகிறாள் போல, அனுப்பட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வார்டில் தோஷ விவகாரங்களுக்குத் தனி அதிகாரி ஒருத்தி உண்டு. பெயர் சொக்கம்மாள். சம்பளம் வாங்குவது வார்டைக் கூட்டித் துடைப்பதற்கு. கொடி சுற்றிய செய்தி காதில் விழுந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்துவிட்டாள்.

"ரெண்டு சுத்தா? ஐயையோ, ரொம்ப சாக்கிரதையா இருக்கணும். எங்க நாத்தனார் வூட்டுப் பக்கத்துல இப்டிதான், கொடி சுத்தின கொயந்தைய மாமங்காரன் பாத்துட்டான். அன்னிக்கே பனமரத்துலருந்து வுயுந்தான்."

"குடிச்சிருந்தானா?" என்று கேட்டேன்.

"அவன் தெனமும் குடிக்கிறவந்தான். ஆனா தெனமுமா வுயுந்தான்? அன்னிக்கித்தான வுயுந்தான்?"

இதற்கு மேல் சொக்கம்மாளிடம் பேச எனக்குப் படிப்பு போதாது.

சிக்கல் இதுதான். வினோத்குமாரால் தங்கையைப் பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டில் செய்த பத்தியச் சோற்றை அவன் கொண்டுவந்து கொடுத்து, கடைசிக் கவளம் வரை அவள் விழுங்குவதைப் பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்குமாம். ஆனால் தங்கை பக்கத்தில் குழந்தை கிடக்கிறது. ஆகவே அண்ணன் உள்ளே வந்தால் குழந்தை வெளியே போக வேண்டும். குழந்தை வந்தால் அண்ணன் போக வேண்டும். இப்படி ஒரு திட்டத்தைத் தமிழ்ச்செல்வியும் சொக்கம்மாளும் என்னைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள். குழந்தைக்குச் சூடு காட்டுகிற மின்சாரப் படுக்கை ஒன்று லேபர் ரூமுக்குப் பக்கத்து அறையில் உண்டு. வார்மர் என்போம். மூச்சுத் திணறுகிற குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வைத்திருப்பது. மாமன் வருகிற நேரத்தில் மருமகளைப் பதுக்கி வைக்க அல்ல.

முதல் நாள் மதியம் நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தேன். வார்டிலிருந்து ஒரு அலறல். ஓடிப் போனால், மாகறல் ஏஞ்சல் தன் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலில் கத்திக்கொண்டிருக்கிறாள். நடு வார்டில், கறுப்புக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்ட ஹெல்மெட்டோடு ஒரு ஆள், கையில் அடுக்குக் கேரியர்.

"யாருய்யா நீ?"

"தாய்மாமன், சிஸ்டர்" என்றது ஹெல்மெட்.

"ஹெல்மெட்ட எடு."

"எங்கூட்ல திட்டும் சிஸ்டர். கொயந்த எங்கனா வழியில இருந்துட்டா இன்னா பண்றது? உள்ள கண்ணயும் மூடிக்கினுதான் கீறேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் வந்திருக்கிறான் என்பது, அவன் இடித்துத் தள்ளிய குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும். குழந்தை அங்கே இல்லை. சற்று முன்புதான் அது முதல்முறையாகச் சரியாக வாய் வைத்துச் சப்ப ஆரம்பித்ததாம். தமிழ்ச்செல்வி வாயில் விரலை விட்டு நைசாக எடுத்து, தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வார்மர் அறையிலிருந்து அது வீறிடுவது கேட்டது. இளமதி கையில் பிசைந்த சோற்றோடு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நைட்டியில் ஒரு துளி ஈரம். அண்ணன் போய், குழந்தை திரும்பி வந்தபோது அது அழுது களைத்துத் தூங்கிவிட்டது. சாயங்காலமும் இதே கூத்து.

"அண்ணி, பால் குடிச்சிட்டு எடுங்களேன்" என்று இளமதி ஒரு தடவை மெதுவாகச் சொன்னதை நானே கேட்டேன்.

"எங்கடி கீது பால்? அந்தப் புள்ளைக்கே கெடையாது. அண்ணன் உசுரு முக்கியமா, இது முக்கியமா?" என்றாள் தமிழ்ச்செல்வி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊரே சொல்வதை அவளும் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டேன். குழந்தை இளமதியின் கட்டிலை விட்டு நகராது. அது சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். பத்து தரம் எடுத்து எடுத்துக் கொண்டுபோனால் பசுமாடுகூடக் கறக்காது. மாமன் வரலாம், முகத்தை எந்தத் திசையில் வைத்துக்கொள்வது என்பது மாமன் பாடு.

இரண்டாம் நாள் காலை வினோத்குமார் முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்து வார்டுக்குள் வந்தான். கையில் கேரியர், தலையில் ஹெல்மெட் இல்லை. அந்த மட்டும் லாபம். தமிழ்ச்செல்வி லாரியை ரிவர்ஸ் எடுக்க வைப்பது போல, "வா, வா, ரைட்டுல ஒட்சி வா, போதும்" என்று வழி சொன்னாள். அப்படியும் ஏஞ்சலின் வெந்நீர் ஃபிளாஸ்க்கின் மேல் போய் உட்கார்ந்தான். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தான்.

"மதி, நாஷ்டா துன்னியா?"

"இன்னும் இல்லண்ணா."

"ஒடம்பு எப்டி கீது?"

"நல்லா கீதுண்ணா."

அந்தச் சுவரில் தாய்ப்பால் வாரத்துக்கு ஒட்டிய பெரிய போஸ்டர் இருந்தது. ஒரு அம்மா குழந்தைக்குப் பால் கொடுக்கிற படம். வினோத்குமார் அதைப் பார்த்து வெட்கப்பட்டு, நாற்காலியை இன்னொரு சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். அந்த நேரம் குழந்தை விக்கல் எடுத்தது. அவனுடைய தோள் இரண்டும் குலுங்கின. பாவம், பயத்தில் நடுங்குகிறான் என்று நினைத்தேன். சத்தம் கேட்டாலும் தோஷமா என்று தமிழ்ச்செல்விக்கு அதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மாகறலில் இருக்கிற வேதகிரி ஜோசியருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "சத்தம் கேக்கலாம்மா, மொகந்தான் ஆவாது. தீட்டு கயியட்டும், எண்ணெயில பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. அதை அவள் வார்டுக்கே போட்டுக் காட்டினாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை மழை, காற்றோடு. திருமுக்கூடலிலிருந்து வலியோடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். டாக்டரும் நானும் லேபர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம்.

நான் உள்ளே போனேனோ இல்லையோ, வெளியே என் சட்டம் கலைந்துவிட்டது. வினோத்குமார் சோறு கொண்டுவந்திருக்கிறான். அண்ணனும் தங்கையும் ஒரு தடவையாவது முகம் பார்த்துப் பேசட்டும் என்று தமிழ்ச்செல்வி குழந்தையை வாரிக்கொண்டு போய் வார்மரில் போட்டு, சொக்கம்மாளைக் காவல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ மரக்கிளை முறிந்து லைனில் விழுந்து கரண்ட் போனது. ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போயிருந்தது. இருக்கிற இன்வெர்ட்டர் லேபர் ரூம் விளக்குக்கே சரி. வராண்டாவில் மழைத்தண்ணீர் ஏறுகிறது என்று சொக்கம்மாள் மாப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

நான் பிரசவத்தை முடித்துத் துணி எடுக்க வெளியே வந்தபோது, வார்மர் அறையின் ஜன்னல் காற்றில் திறந்து அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே சாரல். அணைந்துபோன வார்மரில், மெல்லிய துண்டு ஒன்றில், இளமதியின் குழந்தை. அழக்கூட இல்லை. பாதத்தைத் தொட்டேன். குழாய்த் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

நான் கத்தவில்லை. நான் கத்தாவிட்டால்தான் இந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயப்படுவார்கள். குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வார்டுக்கு நடந்தேன். வினோத்குமார் தங்கைக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தான்.

"ஐயோ, சிஸ்டர், அவரு கீறாரு!" என்று தமிழ்ச்செல்வி கூவினாள். நான் நிற்கவில்லை. அவள் பக்கத்துக் கட்டில் போர்வையை உருவி, புருஷன் தலையில் போட்டு மூடினாள். மூடிய போர்வைக்குள் ஒரு கை மட்டும் ரசம் சாதத்தோடு வெளியே நின்றது.

"நைட்டிய தொற" என்றேன் இளமதியிடம். குழந்தையின் துண்டை எடுத்துவிட்டு, வெறும் உடம்பாக அவள் மார்பின் நடுவில் கவிழ்த்துப் படுக்க வைத்தேன். தலைக்குக் குல்லாய் போட்டேன். ஏஞ்சல் தன் கம்பளியைத் தூக்கிக் கொடுத்தாள். இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்தினேன்.

இளமதி உள்ளே கையை விட்டு அந்தப் பாதத்தைத் தொட்டாள். "சில்லுனு கீதே சிஸ்டர். இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி எங்கொயந்தைக்கு?"

"ஒண்ணும் ஆவல. உன் சூடே போதும். யாரு கேட்டாலும் குடுக்காத" என்றேன். டாக்டர் வந்து பார்த்தார், மூச்சு நன்றாக இருக்கிறது, இப்படியே விடுங்கள், நான் உள்ளே அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தமிழ்ச்செல்வி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் வேணும்னு செய்யல சிஸ்டர்" என்று முனகினாள். நான் கம்பளியின் ஓரத்தை இன்னும் இறுக்கிச் செருகினேன்.

அப்போது போர்வைக்குள் செல் அடித்தது. ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கம்பத்தில்தான் லைன் அறுந்திருக்கிறது, வினோத்குமார் எங்கே என்று ஆபீசிலிருந்து கேட்டார்கள். போர்வை எழுந்து கையைக் கழுவிக்கொண்டு கிளம்பியது. தமிழ்ச்செல்வி அதைப் பிடித்து வாசல் வரை நடத்திப் போனாள்.

"இன்னாங்க, பாக்கலதான? சத்தியமா பாக்கலதான?"

"போர்வைக்குள்ள இன்னா தெரியும் தமிழு? சோறே தெரியல."

மழை விட்டுத் தூறலாக இருந்தது. அவன் கம்பத்தில் ஏறுவதை அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். அவள் உதடு என்னென்னவோ சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் நான் கம்பளிக்குள் கையை விட்டு விட்டுப் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில்லிப்பு போய், வெதுவெதுப்பு வந்தது. குழந்தை தலையைத் தூக்கித் தூக்கி மோதியது. தானாகவே நகர்ந்து, தேடி, வாயைப் பெரிசாகத் திறந்து பிடித்துக்கொண்டது. எங்கே விட்டுவிடுமோ என்று இளமதி அசையாமல் கிடந்தாள்.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. கம்பத்திலிருந்து இறங்கியவனின் இரண்டாவது காலும் தரையில் பட்ட பிறகு தமிழ்ச்செல்வி ஜன்னலை விட்டுத் திரும்பினாள். திரும்பியவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"சொக்கம்மா, லைட்டு வந்துட்ச்சி பாரு. கொயந்தைய கொஞ்சம் வார்மர்ல வெச்சிடு. அவரு கைகாலு கயுவ இங்கதான் வருவாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் வந்தது.

"தொடாதீங்க அண்ணி."

இளமதிதான். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்திருக்கும்.

"அண்ணன் நேத்தே பாத்துட்டாரு. நான்தான் போட்டோ எடுத்து அனுப்புனேன். எங்கொயந்தைய மொதல்ல அவருதான் பாக்கணும்னு எனக்கு ஆச. சொன்னா நீங்க பயந்துடுவீங்கனு சொல்லல. இனிமே எடுக்காதீங்க அண்ணி. இதும் போச்சினா என்னால முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். அழுதாலும் கம்பளிக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

வார்டே திகைத்துப் போயிருந்த அந்த நேரத்தில் வினோத்குமார் சொட்டச் சொட்ட நனைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, ஒழுங்காகப் பின்பக்கமாக நடந்து உள்ளே வந்தான்.

"திரும்புய்யா" என்றாள் தமிழ்ச்செல்வி.

"வேணாம் தமிழு, கொயந்த கீது."

"திரும்புய்யான்றேன்! நேத்தே பாத்துட்டியாமே?"

அவன் திரும்பினான், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. பிறகு ஒரு கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தான். இளமதி தலையை ஆட்டினாள். குட்டு உடைந்தது புரிந்து இன்னொரு கண்ணையும் திறந்தான்.

"அப்ப அந்த ஹெல்மெட்டு இன்னாத்துக்குண்ணா? என் உசுரே போச்சே" என்றாள் ஏஞ்சல்.

"எப்ப பாத்த?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"நீ எறங்கச் சொன்னல்ல, எறங்கிட்டேன். வேல பாதி நின்னுச்சா, திருப்பி ஏறுனேன். அப்ப மதிகிட்டருந்து போட்டோ வந்துச்சி."

"கம்பத்து மேலயா பாத்த?"

"லைன் ஆஃப்லதான் இருந்துச்சி தமிழு. ஒண்ணும் ஆவலியே. ரெண்டு நாளா ஏறிக்கினுதான கீறேன்."

தோஷம் பொய்யாகிப் போன நிம்மதி அவள் முகத்தில் வரும் என்று பார்த்தேன். வந்தது அது இல்லை.

"கம்பத்து மேல குந்திக்கினு செல்லு நோண்டுவியா நீ? போன வருசம் கெடந்தது பத்தலயா? ஒரு கைல கம்பி, ஒரு கைல செல்லா? இன்னும் இன்னா இன்னா பண்ற அங்க, ரீல்சு பாக்குறியா?" துண்டால் நாலு போடு போட்டாள். பிறகு அதே துண்டில் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே விம்மி விம்மி அழுதாள். "ஒனுக்கு எதுனா ஆச்சினா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"

"சொல்லியிருந்தா நீ தூங்கியே இருக்க மாட்ட. அதான் நீ சொன்ன மாரியே நடந்துக்கினேன்" என்றான் அவன்.

காலையில் அந்தத் தோள் குலுங்கியது பயத்தில் இல்லை, சிரிப்பில் என்று எனக்கு அப்போது உறைத்தது. விட்டுவிடுவேனா?

"உங்க பொண்டாட்டி நிம்மதியா தூங்கறதுக்கு இந்தக் கொயந்த பாலில்லாம, சூடில்லாம தனியா கெடக்கணுமா? ரெண்டு நாளா நான் நாய் மாரி கத்திக்கினு கீறேன், நீங்க அண்ணனும் தங்கச்சியும் நாடகம் ஆடிக்கினு இருந்தீங்களா?"

வினோத்குமார் தலையைக் குனிந்துகொண்டான். "தப்புதான் சிஸ்டர். தூக்கினு போய் தூக்கினு வந்தா பால் வராதுனு எனக்குத் தெரியாது" என்றான். அவன் தங்கையோ, "அண்ணி என்னப் பெத்தவங்க மாரி சிஸ்டர். அவங்க மனசு நோவ எப்டி சொல்றது?" என்றாள். அதைக் கேட்டுத் தமிழ்ச்செல்வி இன்னும் ஒரு பாட்டம் அழுதாள். ஏஞ்சலும் அழுதாள். இந்த வார்டில் சேர்ந்து அழுவதற்கு யாருக்கும் காரணம் தேவைப்படாது.

அழுது முடித்ததும் தமிழ்ச்செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு வேதகிரிக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். செல்லில் பார்த்தால் கணக்கு உண்டா, இல்லையா? பதில் உடனே வந்தது.

"செல்லு இன்னாமா, அதும் கண்ணாடிதான? நேரா பாக்கல, நெயல்லதான் பாத்துகீறாரு. தோசம் அப்பவே கயிஞ்சி போச்சி. எதுக்கும் எண்ணெயில ஒரு வாட்டி பாத்துடச் சொல்லு. இன்னிக்கே நல்ல நேரம் கீது, மூணு மணிக்குள்ள முடிச்சிடு."

உத்திரமேரூர் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயை அவள் நேற்றே வாங்கிப் பையில் வைத்திருந்தாள். தாம்பாளம்தான் இல்லை. நான் புதுசாக வந்திருந்த ஸ்டீல் தட்டு ஒன்றைக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை போட்டேன்: குழந்தை இளமதி மார்பை விட்டு எழாது. எண்ணெய்தான் குழந்தையிடம் வர வேண்டும். அது குடித்து முடித்து முகத்தைக் காட்டும் வரை எல்லாரும் காத்திருக்க வேண்டும்.

"அதுக்கு இன்னா, ரெண்டு வாய் குடிச்சா தூங்கிடும்" என்றாள் சொக்கம்மாள்.

காத்திருந்தோம். தமிழ்ச்செல்வி தட்டைப் பிடித்தபடி நின்றாள். வினோத்குமார் மரியாதையாகத் திரும்பி, போஸ்டரைப் பார்த்து உட்கார்ந்தான். கம்பளிக்குள்ளிருந்து விழுங்குகிற சத்தம் வந்தது. ஒரு பக்கம் முடித்து இன்னொரு பக்கம் மாற்றிவிட்டேன். அந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டது.

"முடிஞ்சிதாடி?"

"இன்னும் இல்ல அண்ணி."

சொக்கம்மாள் மாப்பைச் சாத்தி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமிழ்ச்செல்வி கடிகாரத்தைப் பார்த்தாள், கை மாற்றிப் பிடித்தாள். எண்ணெய் தளும்பியது. "மூணு ஆவப் போவுதுடி. எவ்ளோ நேரம்?"

"வுடவே மாட்டேங்குது அண்ணி. நான் இன்னா பண்றது? இது பெரிய பேஜாரா கீது" என்று இளமதி அலுத்துக்கொண்டாள்.

பால் நிறைய இருக்கிற எந்தத் தாயும் பேசுகிற அலுப்புதான் அது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன். இவள் வாயிலிருந்து அது வருவது இதுதான் முதல் தடவை. தமிழ்ச்செல்விக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் குனிந்து கம்பளியை லேசாக விலக்கிப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தோரம் பால் வழிந்து, இளமதியின் நைட்டி நனைந்திருந்தது.

"நேரம் கெடக்குது" என்றாள். தட்டை என் கையில் கொடுத்தாள். "எல்லாரும் எய்ந்து வெளிய போங்க. கொயந்த பால் குடிக்குது, இப்டி சுத்தி நின்னு பாத்தா கண்ணு பட்டுடும். சொக்கம்மா, நீயுந்தான். இன்னாங்க, நீங்க மொதல்ல போங்க. சிஸ்டர், நீங்களும் கொஞ்சம் வெளிய இருங்க."

என் வார்டிலிருந்து என்னை ஒருத்தி வெளியேற்றினாள். நானும் வந்துவிட்டேன். கையில் எண்ணெய்த் தட்டோடு வராண்டாவில் நின்றேன். பக்கத்தில் ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வினோத்குமார். உள்ளே சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

"இன்னும் குடிக்குதா சிஸ்டர்?" என்று அவன் கிசுகிசுத்தான்.

கதவிடுக்கில் பார்த்தேன்.

"குடிக்குது" என்றேன்.